நுரை யாருக்கு?

சில மாதங்களுக்கு முன்பு, வேறு எதையோ பற்றி எழுதிக்கொண்டு போகிற போக்கில், "சோப்புத் தூளின் நுரை ஒரு பொய்" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். அதற்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ரசாயனத்தில் பெரிய படிப்புப் படித்தவர். துணி வெளுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் தரை துடைக்கவும் விற்கிற சரக்குகளுக்குப் புதிய மூலப்பொருள்களை உருவாக்குவதே அவருடைய உத்தியோகம். கோபத்தை அடக்கிக்கொண்டு, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். மூன்று விஷயங்கள் சொல்லியிருந்தார். ஒன்று: கதாசிரியருக்கு ரசாயனத்தில் என்ன வேலை? இரண்டு: நுரையை நாங்கள் திணிக்கவில்லை, ஜனங்கள்தாம் கேட்கிறார்கள், நுரை வராத தூளை நம் பெண்கள் கடைக்காரன் முகத்தில் எறிந்துவிடுவார்கள். மூன்று: நுரையால் யாருக்கு என்ன நஷ்டம்?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டவன் நான். ரசாயனத்தில் எனக்குத் தெரிந்தது, பரீட்சைக்கு நெட்டுருப் போட்டதும் பிறகு ஆசைக்குப் படித்ததும்தான். ஆனால் துணி துவைப்பதைப் பார்த்திருக்கிறேன். சட்டை போட்டுக்கொள்கிற ஒவ்வொருவனுக்கும் இதில் பேச உரிமை உண்டு. துவைக்கிற ஒவ்வொருத்திக்கும் அதைவிடப் பத்து மடங்கு உரிமை உண்டு. அவளுக்குக் கடிதம் எழுத நேரமில்லாததால் நான் எழுதுகிறேன்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் மரக்காணத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைப் பார்க்காமல் போக முடியாது. சாலையோரத்தில் கண்ணாடித் துண்டுகளாகப் பாத்திகள். வரப்பு நெடுகிலும் வெள்ளைக் குவியல்கள். காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எயிற்பட்டினம் என்று சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஊர் இதுதான் என்று புலவர்கள் கருதுகிறார்கள். அந்தப் பெருமையைக் கேட்டுவிட்டு நாம் காரில் ஏறிவிடுகிறோம். உப்பு வாருகிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை, சூரியன் உறைப்பதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிட வேண்டும். கால் உவர்நீரில், கண் வெள்ளை வெளிச்சத்தில்.

கோடையில் ஒருநாள் நான் போனபோது, வேலை முடித்துவிட்டு வந்த ஓர் அம்மாள் வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் நான்கு பிளாஸ்டிக் குடங்கள். தெருக்கோடிக் குழாயிலிருந்து தூக்கி வந்தவை. துணிக்கு இரண்டு, சமையலுக்கும் குடிக்கவும் இரண்டு. முதல் துவைப்புக்கு அடிபம்புத் தண்ணீர். அதை வாயில் வைக்க முடியாது. பத்து ரூபாய்ப் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டினார். கை போட்டுக் கலக்கினார். நுரை வந்தது, வாளி விளிம்பைத் தாண்டி வழிந்தது. துணியை ஊறவைத்து, கல்லில் தேய்த்து, அடித்து, அலசினார். தண்ணீர் வெள்ளையாக வந்தது. மறுபடி அலசினார். மறுபடியும் வெள்ளை. சமையலுக்கு என்று வைத்திருந்த குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதையும் சாய்த்துவிட்டார்.

"ஏம்மா, போதாதா? துணிதான் வெளுத்துப் போச்சே" என்றேன்.

"நுரை இருக்குதே சார். நுரை இருந்தா அழுக்கு இருக்குதுன்னுதானே அர்த்தம்?" என்றார்.

அவர் கையைப் பார்த்தேன். உப்பு வாரி வாரி வெடித்திருந்த விரலிடுக்குகளில் அந்தத் தூள் தண்ணீர் இறங்கியபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். முகம் மாறவில்லை, தாடை மட்டும் இறுகியது.

நண்பரே, நுரையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டீர்களே, இதோ ஒரு குடம் தண்ணீர். தெருக்கோடியிலிருந்து வீட்டுக்கு இடுப்பில் வந்த குடம். அன்றைய உலைத் தண்ணீர்.

இனி நுரையின் யோக்கியதையைப் பார்ப்போம். அழுக்கை எடுக்கிற மூலப்பொருளுக்கு ஆங்கிலத்தில் சர்ஃபாக்டன்ட் என்று பெயர். அதன் மூலக்கூறு தலையும் வாலுமாக இருக்கும். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் போய் எண்ணெய்ப் பிசுக்கில் குத்திக்கொள்கிறது. தலை தண்ணீரைப் பற்றிக்கொண்டு இழுக்கிறது. பிசுக்கு துணியை விட்டுக் கழன்று வருகிறது. இந்த வேலை முழுவதும் தண்ணீருக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. மேலே தெரிகிற நுரை, அதே மூலக்கூறுகளில் ஒரு பகுதி காற்றைச் சுற்றி நின்று போடுகிற கூத்து. வேலை செய்கிறவர்கள் கீழே, மினுக்குகிறவர்கள் மேலே: நம் பொதுவாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நுரையும் வெளுப்பும் வேறுவேறு என்பது ஆராய்ச்சிக்கூடத்து நண்பருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குச் சாட்சி அவருடைய தொழிலே. முன்பக்கம் கதவு வைத்த சலவை யந்திரத்துக்கென்று தனித் தூள் விற்கிறார்களே, அது நுரை குறைந்த தூள். ஏன்? நுரை அதிகமானால் அந்த யந்திரத்துக்கு ஆகாது. உருளைக்குள் துணி விழுந்து அடிபட வேண்டும், நுரை மெத்தையாக நின்று தடுத்துவிடும், அலசல் நீளும், தண்ணீர் வெளியே வழியும். ஆகவே யந்திரத்தின் சௌகரியத்தை உத்தேசித்து, அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி, நுரையை அடக்குகிற பொருளைச் சேர்த்துப் பக்குவமாகச் செய்து கொடுக்கிறார்கள். அதில் துணி வெளுக்கவில்லையா? நன்றாகவே வெளுக்கிறது.

யந்திரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்கிறீர்கள். மனுஷிக்கு மட்டும், அவள் எதை நம்புகிறாளோ அதைச் செய்து கொடுக்கிறீர்கள். என்னுடைய வழக்கு முழுவதும் இவ்வளவுதான்.

"ஜனங்கள் கேட்கிறார்கள்" என்ற வாதத்துக்கு வருவோம். ஜனங்களுக்கு நுரையைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது யார்? ஒரு பிடி தூள் போட்டதும் மலை மலையாக நுரை எழும்புவதை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் படம் போட்டுக் காட்டியது யார்? இந்தியாவில் 1959ல் சர்ஃப் வந்தது. 1969ல் நிர்மா வந்து தூளை ஏழை வீட்டு வாசல்வரை கொண்டுபோனது. கட்டிச் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்ற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் மறுக்கவில்லை. மறுக்கிறவன் துணி துவைத்திருக்க மாட்டான். ஆனால் அன்றிலிருந்து விளம்பரம் கற்றுக்கொடுத்த பாடத்தையே இன்று ஜனங்களின் விருப்பம் என்று திருப்பிச் சொல்லுகிறீர்கள். பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துப் பழக்கிவிட்டு, "பிள்ளை சோறு கேட்பதே இல்லை" என்று சொல்லுகிற பாட்டியின் நியாயம் இது.

நண்பர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது; அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். கையால் துவைக்கிறவளுக்கு நுரை ஓர் அடையாளம். தூள் போதுமா, இன்னும் போட வேண்டுமா என்று அது சொல்லும். துணியும் கையும் உரசுகிற இடத்தில் வழுவழுப்பாக நின்று கொஞ்சம் பாதுகாக்கவும் செய்யும். சரி. அப்படியானால் துவைக்கும்போது வந்து, அலசும்போது செத்துப் போகிற நுரையைச் செய்யுங்கள். முடியாத காரியமா? தூளில் கொஞ்சம் கொழுப்பு அமிலச் சோப்பைச் சேர்த்தால், அலசுகிற கடினநீரிலுள்ள கால்சியத்தோடு அது கூடி நுரையை உடைக்கிறது. சிலிக்கோன் வகை நுரையடக்கிகளும் இருக்கின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை தண்ணீருக்குத் தவித்த நாட்களில், "இரண்டு வாளி மிச்சம்" என்று சொல்லிக்கொண்டு நுரை குறைந்த தூள் ஒன்று வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வித்தை கையில் இருக்கிறது. அது விலை உயர்ந்த பெட்டியில் இருக்கிறது. மரக்காணத்தில் நான் பார்த்த பத்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு இறங்கி வரவில்லை.

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக்கள். அவற்றில் மக்னீஷியம் மட்டும் சுமார் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். சாப்பாட்டு உப்பு பாத்தியில் படிந்த பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரில் மக்னீஷியம்தான் குவிந்து நிற்கும். கடலோரத்து நிலத்தடி நீரிலும் இந்த இரண்டும் ஏறிக் கிடக்கின்றன. சோப்பு இவற்றைக் கண்டால் அழுக்கை விட்டுவிட்டு இவற்றோடு கூடி, வெள்ளைத் திரியாகத் திரண்டு துணியில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கரையோரத்துப் பெண்களுக்குக் கட்டிச் சோப்பு துரோகம் செய்தது. செயற்கைத் தூள் கை கொடுத்தது. ஆனால் தூளும் கடினநீரில் பாதி பலத்தை இழக்கும். அதை ஈடுகட்ட மலிவுத் தூளில் எதைப் போடுகிறார்கள்? சலவைச் சோடாவை அள்ளிப் போடுகிறார்கள். அது சோப்பு வேலையில் உதவும், விலையும் மலிவு. வெடித்த தோலில் பட்டால் நெருப்பு. எடைக்கு என்ன போடுகிறார்கள்? பல தூள்களில் சாதாரண உப்பையே போடுகிறார்கள்.

சலவைச் சோடா எதிலிருந்து வருகிறது? உப்பிலிருந்து. எரிசோடா? உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சி. ஒரு டன்னுக்கு ஒன்றரை டன் உப்பு. கழிப்பறைக்கு ஊற்றுகிற பிளீச்சின் குளோரின்? அதே உப்பு, அதே மின்சாரம். பாத்திரம் கழுவுகிற பச்சைத் திரவம் தேன் மாதிரிக் கெட்டியாக ஒழுகுகிறதே, பெரும்பாலும் அதுவும் ஒரு சிட்டிகை உப்பின் உபயம். அந்த வகைச் சர்ஃபாக்டன்டில் உப்பைச் சேர்த்தால் நீர் கெட்டிப்படும், வாங்குகிறவர் "சத்துள்ள சரக்கு" என்று நினைத்துக்கொள்வார். தொழிற்சாலைக்குப் போனது மரக்காணத்து உப்போ, தூத்துக்குடி உப்போ, குஜராத் உப்போ, எந்தக் கரையாக இருந்தால் என்ன? உப்பு வாரியவளிடம் அவள் வாரியதே நான்கு வேஷம் போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் அடைபட்டு, விலையோடு திரும்பி வருகிறது. வந்து அவள் கையையே கடிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் எனக்குக் கைதட்ட எழுந்திருக்கும். "அப்படிச் சொல்லுங்கள்! ரசாயனமே வேண்டாம். சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் திரும்புவோம்" என்பார்கள். உட்காருங்கள் ஐயா, உங்களுக்கும் இருக்கிறது.

பூந்திக்கொட்டையில் நுரைப்பது சப்போனின். அதுவும் தலையும் வாலும் உள்ள ஒரு சர்ஃபாக்டன்ட்தான். மரத்தில் காய்த்ததால் அது மகாத்மா ஆகிவிடாது. மீனுக்கு அது விஷம். ஊரே சீயக்காயும் பூந்திக்கொட்டையும் போட்டுத் துவைத்ததாக ஒரு பொற்காலத்தைக் காட்டுகிறீர்களே, அந்தக் காலத்தில் ஊர்த் துணி எப்படி வெளுத்தது தெரியுமா? உவர்மண்ணில் வெளுத்தது. உவர்மண் கரைசலில் துணியை முக்கி, வெள்ளாவி வைத்து, இரவெல்லாம் அவித்து, விடியலில் துறைக்குச் சுமந்துகொண்டு போய் அடித்தார்கள். வெள்ளாவி அடுப்பை மூட்டியவர் யார்? அந்த உவர்நீரில் கை வெந்தவர் யார்? ஊர்த் துணியை வெளுத்துவிட்டு ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாதவர் யார்? உவர்மண் முழுக்க முழுக்க இயற்கை. கையைச் சுட்டதும் இயற்கை. சாதிதான் செயற்கை. தூள் வந்த பிறகு அவரவர் துணியை அவரவர் வீட்டில் துவைக்கிற நிலை வந்தது. அந்த அளவுக்கு ரசாயனம் இந்த நாட்டுக்கு உபகாரம் செய்திருக்கிறது. "ரசாயனம் கலவாதது" என்று அச்சடித்து, இரண்டு மடங்கு விலைக்கு விற்கிற புட்டிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. தண்ணீரும் ரசாயனம், உப்பும் ரசாயனம். இப்படி அச்சடிக்கிறவர்கள் நுரையை விற்கிறவர்களின் சொந்தச் சகோதரர்கள்.

என் சண்டை ரசாயனத்தோடு அல்ல. ரசாயனம் யாருக்குச் சேவகம் செய்கிறது என்பதோடு.

ரசாயனத்தால் மாற முடியும் என்பதற்கு அதன் சரித்திரமே சாட்சி. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனிக்குக் கொழுப்புப் பஞ்சம். சோப்புக் காய்ச்ச வழியில்லை. அந்த நெருக்கடியில் 1917ல் நேக்கால் என்ற செயற்கைப் பொருள் வந்தது. 1932ல் ஃபேவா, 1946ல் அமெரிக்காவில் டைட். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் உலகமெங்கும் ஓடிய செயற்கைச் சலவைப் பொருளின் வால், கிளை கிளையாகப் பிரிந்த சங்கிலி. மண்ணிலும் நீரிலும் இருக்கிற நுண்ணுயிர்களால் அந்தக் கிளைகளைக் கடித்துத் தின்ன முடியவில்லை. ஆறுகளில் நுரை மலை மலையாக எழும்பியது. அங்கும் முதலாளிகள் "ஜனங்கள் கேட்கிறார்கள்" என்றுதான் சொல்லியிருக்க முடியும். ஆனால் ஜெர்மனி 1961ல் சட்டம் போட்டது: எண்பது சதவிகிதமாவது சிதைய வேண்டும், சிதையாத சரக்கை விற்கக் கூடாது. 1964ல் அது அமலுக்கு வந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1965ல் கிளைச் சங்கிலியை விட்டு நேர்ச் சங்கிலிக்கு மாறின. துணி வெளுப்பது நின்றுவிடவில்லை. கம்பெனிகள் மூழ்கிவிடவில்லை. நம் மணலியில் தமிழ்நாடு பெட்ரோப்ராடக்ட்ஸ் இன்று மண்ணெண்ணெயிலிருந்தும் பென்சீனிலிருந்தும் செய்வது அந்த நேர்ச் சங்கிலிச் சரக்கைத்தான்.

நேர்ச் சங்கிலி வந்துவிட்டது, ஆறு பிழைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதைச் சிதைக்கிற நுண்ணுயிர்களுக்குக் காற்றும் அவகாசமும் வேண்டும். சாக்கடையைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட்டால் எந்தச் சங்கிலியும் நுரைக்கும். ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பத்திரிகைகள் வருஷா வருஷம் படம் போடுகின்றன. அந்தப் பாவத்தைச் சோப்புக்காரர் தலையில் மட்டும் நான் கட்டமாட்டேன். ஆலைகளும் நகரசபைகளும் பங்காளிகள். சட்டமும் வெட்கமும் இருக்கிற இடத்தில் மூலப்பொருள் மாறுகிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். 2019ல் சிலி நாட்டில், சர்க்கரையை நுண்ணுயிரைக் கொண்டு புளிக்கவைத்து எடுத்த ராம்னோலிப்பிட் என்ற சர்ஃபாக்டன்டைப் பாத்திரத் திரவத்தில் போட்டு விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். கைக்கு மிருதுவானது என்கிறார்கள். சந்தோஷம். மரக்காணத்துக்கு அது எந்த வருஷம் வரும்?

தனியார் செய்யமாட்டார்கள் என்றால் பொதுக் காரியமாகச் செய்யலாம். அதுவும் நமக்குப் புதிதல்ல. 1914லேயே சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சோப்புத் தொழிற்சாலை வைத்தது. அந்நிய அரசாங்கம் அது. 1953ல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் திறக்கப்பட்டது. 1954ல் பாவ்நகரில் உப்புக்கும் கடல் ரசாயனங்களுக்குமாக ஓர் ஆராய்ச்சிக் கூடம் எழுந்தது. உப்பிலிருந்து எரிசோடா எடுப்பதை எப்படிச் சிக்கனமாக்குவது என்று நம் விஞ்ஞானிகள் அரிய வேலை செய்திருக்கிறார்கள். உப்பு வாருகிறவளின் துணியை அவள் கை வேகாமல், அவள் தண்ணீர் வீணாகாமல் வெளுப்பது எப்படி என்ற கேள்வி அதைவிடச் சின்னக் கேள்வியா?

என் கோரிக்கைகள் மூன்றே மூன்று. சந்திரனைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லவில்லை.

முதலாவது, பத்து ரூபாய்ப் பாக்கெட்டைச் சோதிக்கிறபோது ஆராய்ச்சிக்கூடத்து நல்ல தண்ணீரில் சோதிக்க வேண்டாம். மரக்காணத்து அடிபம்பில் ஒரு வாளி பிடியுங்கள். அதில் துவைத்து, ஒரே ஒரு குடத்தில் அலசிப் பாருங்கள். அந்தப் பரீட்சையில் தேறாத தூள் கரையோரத்துக்கு வர வேண்டாம்.

இரண்டாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று பாக்கெட்டின் மேல் தமிழில் எழுதுங்கள். கடைக்குப் போய் ஏழெட்டுப் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விலை இருக்கிறது, எடை இருக்கிறது, மாதம் இருக்கிறது, சிரிக்கிற நடிகை இருக்கிறாள். எவ்வளவு சலவைச் சோடா, எவ்வளவு உப்பு என்பது மட்டும் இல்லை. தன் கையை எரிப்பது எது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, இத்தனை நாள் நுரையைக் காட்டி நம்பவைத்தீர்களே, அதே விளம்பரத்தில் ஒரே ஒருமுறை உண்மையைச் சொல்லுங்கள்: "அம்மா, கடைசி அலசலில் தெரிகிற நுரை அழுக்கு அல்ல. அது நாங்கள் வைத்தது."

இதைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று நண்பர் மறுபடியும் எழுதக்கூடும். எழுதட்டும். ஆனால் அதற்கு முன்பு ஒருநாள் மரக்காணம் வந்து போகட்டும். கடிதத்தில் "நம் பெண்கள்" என்று எழுதியிருந்தார் அல்லவா? அந்த நம் பெண்களில் ஒருத்தி அன்று சாயங்காலம் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் தெருக்கோடிக்குப் போனார். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. வெறுங்குடத்தோடு திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "துணியாவது சுத்தமாச்சு சார்" என்றார்.

அந்த வீட்டில் அன்று உலை எப்போது ஏறியது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நண்பர் வந்தால் அவர் கேட்கட்டும்.